சிறார் உடற்பருமனும் மாலை விளையாட்டும்

உடல் மெலிதல் நோயின் குறி என்பதை எவரும் எடுத்துரையாமலே நாம் அறிவோம். உடல் பருத்தலும் நோயின் குறியாகலாம் என்பதையோ, பத்து வயது நிரம்பாத பாலர்க்கும் அஃது அங்ஙனம் ஆகலாம் என்பதையோ நம்மவரிற் பலர் இன்னும் மனமார ஒப்புக்கொள்வதில்லை. கன்னம் புடைத்து, கைகால் திரண்டு, மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் பிள்ளையைக் கண்டால், 'நல்ல ஊட்டம்' என்று மகிழ்வோரே மிகுதி. ஒல்லியான பிள்ளையைப் பெற்றவளோ உறவினர் கூடும் கலியாண வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க இயலாது. 'குழந்தைக்குச் சோறு போடுவதே இல்லையா?' என்னும் கேள்வி எந்தப் பந்தியில் எழுமோ என்று அவள் அஞ்சவேண்டியிருக்கிறது.

இவ்வெண்ணம் காரணமின்றித் தோன்றியதன்று. பிறந்த குழந்தைகள் ஆண்டு நிறையுமுன்னே பெருந்தொகையாக மாண்ட காலம் நம் நாட்டில் இருந்தது. 1924-ஆம் ஆண்டில் அக்காலத்து இராஜப்பிரதிநிதியின் மனைவியார் ரீடிங் சீமாட்டியார் தேசியக் குழந்தை வாரத்தைத் தொடங்கிவைத்தனர். அந்நாட்களில் நடைபெற்ற குழந்தைக் காட்சிகளிலே நன்கு தேறிய குழந்தைகட்குப் பரிசுகள் வழங்கப்பெற்றன. பஞ்சமும் பேதியும் வாசலில் நின்ற காலத்தில் சற்றுச் சதைப்பற்று இருத்தல் பிழைத்திருத்தலுக்கு அடையாளம். காய்ச்சல் வந்தால் செலவழிக்க உடம்பில் வைத்த சேமநிதி எனினும் அமையும். அக்காலம் கழிந்தது. அடையாளம் மட்டும் நம் மனத்தினின்று கழியவில்லை.

நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட இடம், சென்னை மாநகரின் தென்பால் மயிலைக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட ராஜா அண்ணாமலைபுரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய பகுதி அது. ஆறு கடலொடு கலக்குமிடத்திற்கு அணித்தாகச் செட்டிநாட்டு அரண்மனையும், அவ்வாற்றங்கரையிலேயே 1867-இல் தோன்றிய சென்னைப் படகுச் சங்கமும் இதன்கண் உள்ளன. தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் நின்ற தெருக்கள் பலவற்றில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. மாமரம் நின்ற கொல்லையில் கார் நிற்கிறது. கொல்லை கொள்ளாத கார்கள் தெருவின் இருமருங்கும் நிற்கின்றன. பாண்டி ஆடுதற்குக் கோடு கீற ஒரு சிறுமி விரும்புவாளாயின், கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் இடந்தேட வேண்டும். கிட்டிப்புள்ளின் பேச்சே வேண்டா. முதல் அடியிலேயே யாரேனும் ஒருவருடைய கார்க் கண்ணாடி உடையும்.

பூங்கா இல்லையோ எனில், உண்டு. அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி 58 ஏக்கர் நிலம் திருத்தப்பெற்று, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரால் திறக்கப்பெற்றது. அழிந்துகொண்டிருந்த சதுப்பு நிலத்தை மீட்டு, பறவைக்கும் மீனுக்கும் மரத்துக்கும் உறைவிடமாக்கிய அருஞ்செயல் அது. ஆயினும் அது பிள்ளைகள் சென்று கண்டு கற்கும் இடமேயன்றிப் பந்தடித்து ஓடும் இடமன்று. அங்ஙனம் இருத்தலே முறை. கொக்கிற்கும் நண்டிற்கும் உரிய நிலத்தில் பிள்ளைகளை ஓடவிடுக என்று நாம் கேட்கவில்லை. பிள்ளைகட்கு உரிய நிலம் எங்கே என்றுதான் கேட்கின்றோம்.

இனி, கணக்கைப் பார்ப்போம். 2002-ஆம் ஆண்டில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் முதலியோர், சென்னைப் பள்ளிகளில் 13 முதல் 18 வயது வரையுள்ள மாணாக்கர் ஏறக்குறைய 4,700 பேரை அளந்து, ஆண்மக்களில் நூற்றுக்கு 17.8 பேரும் பெண்மக்களில் 15.8 பேரும் மிகை எடை உடையவர் எனக் கண்டனர். பின்னர்ச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 'ஆரஞ்சு' என்னும் பெயரால் ஓர் ஆய்வு நிகழ்த்தி, 51 பள்ளிகளில் 6 முதல் 19 வயது வரையுள்ள 18,955 பேரை அளந்து, அதன் முடிவை 2014-இல் வெளியிட்டனர். தனியார் பள்ளிகளில் மிகை எடையோ பருமனோ உடையவர் நூற்றுக்கு 21.4, அரசினர் பள்ளிகளில் 3.6. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே அரிசி. பள்ளியின் வாயிற்பலகை மாறியவுடன் தொகை ஆறு மடங்காகிறது. பருமன் பிள்ளையின் சோம்பலாலோ நாவின் ஆசையாலோ மட்டும் விளைவதாயின், அரசினர் பள்ளிப் பிள்ளைக்கு நாவில் ஆசையே இல்லை என்று நாம் கொள்ளவேண்டி வரும்.

இவ்விரு கூட்டத்தாரும் ராஜா அண்ணாமலைபுரத்திற்கு அயலிலேயே வாழ்கின்றனர். கிழக்கே சிறிது நடந்தால் பட்டினப்பாக்கமும் ஸ்ரீநிவாசபுரமும் கடல்மணலும் உள்ளன. ஆங்கே பிள்ளைகள் மணலில் பந்தைத் துரத்தி ஓடுவதைக் காணலாம். அவர்களைச் சுட்டி, 'காணீர், என்ன சுறுசுறுப்பு!' என்று மாடிவீட்டார் வியத்தல் எளிது. அப்பிள்ளைகளில் மெலிந்தோர் பலர் மெலிந்திருப்பது விளையாட்டினாலன்று என்பதை அவ்வியப்பு மறந்துவிடலாகாது.

உலகெங்கும் இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. 2025-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் பருமன் நோயுடையோர் நூற்றுக்கு 9.4, எடை குறைந்தோர் 9.2. மெலிந்தாரினும் பருத்தார் தொகை மிக்கது இதுவே முதன்முறை.

'பருத்தால் என்ன, வளர்ந்தால் சரியாகிவிடும்' என்பார்க்கு, உடம்பினுள் நிகழ்வதை இயன்றவரை எளிதாகக் கூறுவோம். கொழுப்பு தோலின் கீழே மட்டும் படிவதில்லை. கல்லீரலிலும் குடலைச் சூழ்ந்தும் படிகிறது. இவ்வாறு உட்படிந்த கொழுப்பு மிகுந்தவழி, கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடம்பின் உறுப்புகள் செவிசாய்க்க மறுக்கின்றன. உணவிலிருந்து வந்த சர்க்கரை தசைக்குட் புகாது இரத்தத்தில் நிற்க, அதனைப் புகுத்துவதற்குக் கணையம் முன்னினும் மிகுதியாகச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் இங்ஙனம் உழைத்த கணையம் ஒரு நாள் தளர்கிறது, அதுவே நீரிழிவு. நாற்பது வயதைக் கடந்தோர்க்கு வருவதென்று நம் முன்னோர் எண்ணியிருந்த இவ்வகை நீரிழிவு, இன்று பள்ளிச் சிறுவரிடத்தும் காணப்படுகின்றது. அங்ஙனம் பதினைந்தில் தொடங்கியது முப்பத்தைந்திற்குள் கண்ணையும் சிறுநீரகத்தையும் தொடக்கூடும்.

இந்தியராகிய நமக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. பூனாவில் டாக்டர் யாஜ்னிக் என்பார் தம் குழுவினரோடு ஆராய்ந்து, அவ்வூர்ப் பக்கத்துக் கிராமங்களிற் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, 2003-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நம் குழந்தை ஏறக்குறைய 2.7 கிலோ, அந்நாட்டுக் குழந்தை 3.5 கிலோ. எடையில் இத்துணைக் குறைந்தும், நம் குழந்தையின் உடம்பில் குறைந்தது தசையேயன்றிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்புடையவராய்ப் பிறக்கின்றோம் என்பது இதன் பொருள். ஆதலின் மேல்நாட்டார்க்கு வகுத்த எடை எல்லை நமக்குப் பொருந்தாது. இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தார் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் இதனை உளங்கொண்டு எல்லையைக் குறைத்தே வகுத்துள்ளன. எடையைக் கிலோவாகக் கொண்டு, உயரத்தை மீட்டராக அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை அவ்வட்டவணையில் வயதுக்கு நேரே வைத்துப் பார்த்தல் பத்தாம் வகுப்பு மாணாக்கனுக்கும் இயலும்.

கண்ணாலேயே காணத்தக்க குறி ஒன்றும் உண்டு. பருத்த பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணிபோலத் தடித்திருத்தலைத் தாய்மார் கண்டிருப்பர். அதனை அழுக்கென்று கருதி, பீர்க்கங்கூடு கொண்டு பிள்ளை அழ அழத் தேய்க்கும் வழக்கம் உண்டு. அஃது அழுக்கன்று, இன்சுலின் மிகுதியால் தோலில் தோன்றும் மாறுதல் ஆதல் கூடும். தேய்ப்பதை விடுத்து மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசாது இப்பொருளைக் கடத்தலாகாதெனினும், சுருங்கக் கூறுவோம். 300 மில்லி கோலாப் பானத்தில் 30 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை கரைந்துள்ளது. தேக்கரண்டியால் அளந்தால் ஏழெட்டு. அத்துணைச் சர்க்கரையைக் காப்பியில் இட்டுக் கொடுத்தால் பிள்ளை முகஞ்சுளித்துத் துப்பிவிடும். குளிர்ச்சியும் புளிப்பும் சேர்ந்தபோது அறியாது பருகுகின்றது. பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டர்க்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிக்க பண்டங்களை விற்றலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி செய்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பண்டங்களிலுள்ள சர்க்கரையின் அளவை எழுதிய பலகைகளைப் பள்ளிகளில் வைக்குமாறு 2025-இல் பணித்தது. நல்லனவே. ஆனால் 51-ஆம் மீட்டரிற் கடை வைப்பாரை விதி தடுக்காது. கைப்பேசியைத் தட்டினால் வீட்டு வாயிலிலேயே பீட்ஸாவைக் கொணர்ந்து தருவாரையும் தடுக்காது. திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரையேனும் கூறினாரல்லர். உண்ணும் அளவையும் பசிக்கும் காலத்தையுமே விரித்துரைத்தார். வீட்டிற் பெரியோர் அவ்வளவினை மேற்கொள்ளாதவிடத்துப் பிள்ளையை மட்டும் பட்டினி போடுதல் கொடுமை. தகப்பனார் டெலிவிஷன் முன் சிப்ஸ் பொட்டலத்தோடு அமர்ந்து, மகனுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுக்குமாறு ஆணையிடும் வீடுகளை நாம் அறிவோம்.

நம் கருத்து பெரிதும் நிற்பது விளையாட்டின்மேல். இயங்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே ஒரு திங்கள் ஓடியாடியும் எடை குறையவில்லையே என்று பெற்றோர் மனந்தளர வேண்டுவதில்லை. தராசு அசையாத நாளிலும் உள்ளே நன்மை நிகழ்கின்றது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்க இயங்குதல் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. 2016-ஆம் ஆண்டின் கணக்குப்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் உலகெங்கும் நூற்றுக்கு 81 பேர் அவ்விதிக்கு எட்டாதவர். பெண்மக்களில் அத்தொகை 85.

இடம் கிடைத்தால் மக்கள் இயங்குவர் என்பதற்கு நம் நகரிலேயே சான்று உண்டு. திருமங்கலத்தின் ஏஷியாட் குடியிருப்பில், முன்கூறிய நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நோய்த்தடுப்பைக் குறித்து எடுத்துரைத்ததைக் கேட்டு, அங்குள்ளார் தம் கைப்பொருள் கொண்டே ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். முதலில் வாரத்தில் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர் நூற்றுக்கு 14.2, ஏழாண்டு கழித்து அளந்தபோது 58.7. அவர்கள் வயது வந்தோர் என்பது மெய். ஆயினும் நாற்பது வயதுப் பெரியவரையே எழுப்பி நடக்கச் செய்த மண், எட்டு வயதுப் பிள்ளையை அழைக்காதிருக்குமோ?

ஈண்டு 1920-ஆம் ஆண்டை நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டில் சர் பி. தியாகராய செட்டியாரைத் தலைவராகக் கொண்ட சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பசித்த பிள்ளைகட்கு நண்பகல் உணவளிக்கத் துணிந்தது; தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மிகாத செலவு. அதே ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் சார்பாக, இதே நகரில் உடற்பயிற்சி ஆசிரியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே ராஜா அண்ணாமலைபுரத்திற்கு மேற்கே சிறிது தூரத்தில், நந்தனத்தில், விரிந்த மைதானங்களோடு இன்று விளங்கும் உடற்பயிற்சிக் கல்லூரி. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் குழுவினை நடத்திச் சென்றவரும் அவரே; 1943-இல் காலஞ்சென்றார். அக்கல்லூரியிற் பயின்றோர் நாட்டின் பல பகுதிகளிலும் பள்ளி ஆசிரியராயினர்.

பசித்த வயிற்றுக்குச் சோறு, வளரும் உடலுக்கு ஆட்டம் என இரு விதைகள் ஒரே ஆண்டில் ஒரே ஊரில் ஊன்றப்பெற்றன. முன்னது 1956-இல் காமராசர் காலத்தும், 1982-இல் எம்.ஜி. இராமச்சந்திரன் காலத்தும் நாடு முழுதும் படர்ந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டித் திட்டமாகவும் கிளைத்தது. பின்னதன் நிலை என்ன? கால அட்டவணையில் 'உடற்பயிற்சி' என்று எழுதிய கட்டம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அரையாண்டுப் பரீட்சை நெருங்கியதும், கணக்காசிரியர் கையில் சுண்ணக்கட்டியோடு அக்கட்டத்துட் புகுந்துவிடுகின்றார். உடற்பயிற்சி ஆசிரியரும் எதிர்ப்பதில்லை, பெற்றோரும் வருந்துவதில்லை. தமிழாசிரியர் மட்டும் கணக்காசிரியர் தமக்கு முன் வந்துவிட்டாரே என்று வருந்துவது உண்டு.

விளையாட்டு நடக்கும் பள்ளிகளிலும் அது யாருக்காக நடக்கின்றது என்று காண்க. ஆண்டு விழாவில் ஓடுவோர் முன்னரே தேர்ந்தெடுத்த வேகக்காரர். பருத்த பிள்ளை எல்லைக்கோட்டருகே நின்று, ஓடுவோரின் செருப்பையும் தண்ணீர்க் குப்பியையும் காத்துக்கொண்டிருக்கின்றான். அவனுக்குப் பள்ளியில் இட்ட பெயரும் 'குண்டு' என்பதே. இயங்கவேண்டியவன் எவனோ அவனையே நிறுத்திவைத்து, இயங்க வல்லவனை மேலும் ஓட்டுகின்றோம். வகுப்பின் நடுவே எடை பார்த்து எண்ணை உரக்கப் படிக்கும் ஆசிரியரும் உளர். அன்று முதல் அப்பிள்ளை மைதானத்தின் பக்கம் வாரான்.

ஆகவே எல்லாரும் ஆடும் ஆட்டமே இதற்குத் தக்கது. நம் பழைய ஆட்டங்களிற் பல அத்தகையன. ஏழுகல்லில் ஓட்டமும் பதுங்கலும் மாறிமாறி வருவதால் மூச்சு வாங்குவோன் இளைப்பாற இடமுண்டு. சடுகுடுவில் பிடிப்போன் உடற்கனம் குற்றமாகாது. கயிறிழுத்தலிலோ கயிற்றின் கடைசியில் நிற்கக் கனமானவனைத் தேடியே அழைப்பர். வாழ்நாளில் முதன்முறையாகத் தன் உடம்பு குழுவிற்குப் பயன்பட்டதைக் கண்ட சிறுவன் மறுநாள் அழையாமலே வருவான். பெண்மக்கள் வயது வந்தபின் மைதானத்தை விடுதல் நம்மிடையே பெருவழக்கு. இதனை உணர்ந்த சென்னை ஆராய்ச்சியாளர், சில நிமிஷங்களில் முடியத்தக்க விரைந்த நடனப் பயிற்சி ஒன்றினை அன்னார்க்கென வகுத்துத் 'தாண்டவ்' எனப் பெயரிட்டுள்ளனர். அதற்கு மைதானமும் வேண்டா. ஒரு கூடமும் பாட்டும் போதும்.

நம் கல்லூரி மாணாக்கரை நோக்கியும் ஒன்று சொல்லவேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் பெயரால் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகின்றோம், சுவரில் வெள்ளையடிக்கின்றோம். அவற்றில் ஒரு பகுதி நேரத்தை, அயலிலுள்ள ஒரு பள்ளியின் மைதானத்தில் மாலைதோறும் பிள்ளைகளை ஆடச்செய்வதற்கு ஒதுக்கினால் என்ன? பள்ளி விட்டபின் பூட்டிக் கிடக்கும் மைதானங்கள் நகரில் எத்தனையோ. தலைமையாசிரியர் திறவுகோலைத் தரத் தயங்குவது பெரும்பாலும் பிள்ளை விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்னும் அச்சத்தாலே. பொறுப்பேற்று உடனிருக்க நால்வர் முன்வந்தால் அவ்வச்சம் பாதி நீங்கும். மாடிவீட்டுப் பிள்ளையும் ஸ்ரீநிவாசபுரத்துப் பிள்ளையும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கும் இடமாக அது அமையுமாயின், ஆட்டம் முடிந்தபின் இருவருக்கும் ஒருபிடி வேர்க்கடலை வேகவைத்துக் கொடுக்கலாம். ஒருவனுக்கு அது பீட்ஸாவிற்கு மாற்று; மற்றவனுக்கு உண்மையாகவே வேண்டிய ஊட்டம்.

வெயிலையும் இருட்டையும் காரணங்காட்டுவோர்க்கு ஒரு விடை. பள்ளிகள் பெரும்பாலும் நான்கு மணியளவில் விடுகின்றன. சென்னையில் கதிரவன் மறைவது கார்த்திகையில் ஏறக்குறைய 5 மணி 40 நிமிஷத்திற்கு. ஆனி, ஆடியில் 6 மணி 40 நிமிஷத்திற்கு. மிகக் குறுகிய பகலிலும், கடற்காற்று வீசும் வேளையில், ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கிறது. இப்பொழுது அம்மணி நேரத்தில் பிள்ளைகள் டியூஷன் வாத்தியார் வீட்டு வாயிலில், காருக்குள் அமர்ந்தபடியே, பிஸ்கட் தின்றுகொண்டிருக்கின்றனர்.